சொந்த ஆளுக்குக் கொடி தூக்கின சீசன்

பந்தடிக்கிற இடத்தில ஆருக்கும் பிடிக்காத ஒரு ஆள் இருக்கெண்டால், அது கோட்டோரமாக் கொடி பிடிச்சுக்கொண்டு ஓடுற ஆள்தான்; அந்த ஆள் நான்.

இதை எழுதுற நேரம் என்ர இரண்டு கையும் சேறு. குசினி நிலத்தில பழைய பேப்பர் விரிச்சு, முழு ரீமின்ர சப்பாத்துகளையும் கொட்டி வைச்சு, தேய்ஞ்சு போன பல்லுத் தூரிகையால அடியில ஒட்டின மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறன். போன சீசன் முடிஞ்ச கையோட ரவி அண்ணை எல்லாத்தையும் ஒரு சாக்குக்குள்ள போட்டுக் கட்டி, வானுக்குள்ளேயே மறந்து போனார். மண் இப்ப சீமெந்தாப் போச்சுது. ஒரு சப்பாத்து முடிய, கையைத் துடைச்சுப்போட்டு ஒரு பந்தி எழுதுறன். தாளில அங்க இங்க சேறு பட்டிருந்தால் மன்னியுங்கோ.

நான் கனக்கப் படிச்சவள் இல்லை. நாலு பேருக்கு முன்னால வாய் திறந்து கதைக்கிறவளும் இல்லை. ரீமின்ர ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி ரவி அண்ணை ஆக்கினைப்படுத்தினதால எழுதுறன். புருசன்மார் பந்தடிக்கிற வீடுகளில இருக்கிற சகோதரிமாரே, முக்கியமா இது உங்களுக்குத்தான். மற்றவைக்கு இந்த வருத்தம் விளங்காது.

கொடி என்ர கைக்கு வந்த விதம்

என்ர மனுசன் சுதன் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில சுஷி உருட்டுறவர். லண்டனில சுஷி சாப்பிடுற கனபேருக்குத் தெரியாது, தாங்கள் சாப்பிடுறது யாழ்ப்பாணத்துக் கை உருட்டினது எண்டு. அந்தக் கடைக்கு இவாதா எண்டு ஒருத்தர் வழக்கமா வருவார். லண்டனில இருக்கிற யப்பான்காரர் ஞாயிற்றுக்கிழமையில நடத்திற பந்தடி லீக்குக்கு அவர்தான் பெரிய ஆள், நடுவரும் அவர்தான். அந்த லீக்கில கன காலமா ஒரு பிரிவுதான். போன வருசம் புதுசா ஒரு கீழ்ப்பிரிவு தொடங்கினவை. ஆறு ரீம் வேணும், ஐஞ்சுதான் சேர்ந்துது. "உமக்குத் தெரிஞ்ச பெடியள் இருக்கினமோ?" எண்டு இவரிட்டக் கேட்டிருக்கிறார். இவருக்குக் காலில சக்கரம் பூட்டின மாதிரி. அண்டைக்கே நாங்கள் இருக்கிற குட்மேய்ஸ் முழுக்க ஃபோன் போய், பிளம்பிங் வேலை செய்யிற ரவி அண்ணை கப்டன், அவரின்ர வான்தான் ரீம் வாகனம், இவரின்ர தம்பி கீரன் நடுவில எண்டு எல்லாம் முடிஞ்சுது.

இவாதா இரண்டு விசயம் சொல்லி விட்டவர். ஒண்டு, ஒவ்வொரு ரீமும் தன்ர கொடிக்கு ஒரு ஆளைக் கொண்டு வர வேணும். ஆள் இல்லாட்டி அந்த ஆட்டம் தோல்வி. இரண்டாவது, புது ரீமை ஒரு சீசனுக்குத்தான் வைச்சுப் பார்ப்பினம். ஆட்டத்துக்குள்ள நடுவருக்கோ கொடிக்காரருக்கோ கரைச்சல் குடுத்தால் ரீமுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. மூண்டு புள்ளி சேர்ந்தால் அடுத்த சீசன் இல்லை. எங்கட பெடியளின்ர வாயை அறிஞ்சவைக்கு, மூண்டு புள்ளி முதல் ஆட்டத்தின்ர முதல் பாதிக்கே காணாது எண்டு தெரியும்.

கொடி பிடிக்க ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் பந்தடிக்க வேணும். எங்கட வீட்டில கூடிக் கதைச்சுக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் தேத்தண்ணித் தட்டத்தோட வந்தன். அதுதான் நான் செய்த பிழை. ரவி அண்ணை என்னைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார். "தங்கச்சி இதைக் கொட்டாமல் கொண்டு வாறா, கொடியும் பிடிப்பா. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை" எண்டார். கிரவுண்டுக்குப் போனாப் பிறகுதான் தெரிஞ்சுது, அந்த லீக்கில இன்னொரு விசித்திரமும் இருக்கெண்டு. எங்கட ஆக்கள் எந்தப் பக்கம் கோல் அடிக்கப் போகினமோ, அந்தப் பக்கம்தான் நான் நிக்க வேணும். பந்து வர முதலே எதிராளியின்ர கடைசிக் காவல்காரரைத் தாண்டி எங்கட ஆள் நிண்டால், அதுக்குப் பேர் ஓஃப்சைட், உடன கொடி தூக்க வேணும். அதாவது சொந்த ஆளைக் காட்டிக் குடுக்கிற வேலை. ஏன் இப்பிடி எண்டு ரவி அண்ணை கேட்டதுக்கு இவாதா சிரிக்காமல் சொன்னார்: "எதிராளிக்குக் கொடி தூக்கினால் கிரவுண்டில சண்டை வரும். சொந்த ஆளுக்குத் தூக்கினால் வீட்டிலதான் சண்டை வரும்."

அரைக் கொடி

முதல் ஆட்டம். மேற்கு லண்டன் பக்கம் ஒரு பெரிய பார்க். மெல்லிசா மழை. நான் இவரின்ர பழைய ஜக்கெற்றைப் போட்டு, கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு, கொடியைப் பின்னுக்கு மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். முன்னப்பின்னத் தெரியாத ஆம்பிளையள் இவ்வளவு பேர் ஓடுற இடத்தில இதுக்கு முதல் நான் நிண்டதில்லை. ஒருத்தரும் என்னைப் பார்க்காட்டிக் காணும் எண்டு கும்பிட்டன்.

அந்த நேரம் பார்த்து இவர் எதிராளிகளைத் தாண்டி, ஒரு பேருந்து நிக்கிற தூரத்துக்கு முன்னால தனிய நிண்டார். பந்து வந்துது, அடிச்சார், கோல். நான் கொடியைத் தூக்கினன். என்ர மனசில தூக்கினன் எண்டுதான் நினைப்பு. ஒருத்தரும் காணேல்லை. இவாதாவும் காணேல்லை. கோல் எண்டு விசில் ஊதியாச்சு. எங்கட பெடியள் கட்டிப்பிடிச்சு உருண்டவை.

வீட்டுக்கு வந்து சோறு போடேக்க மெல்லமாச் சொன்னன், "அது ஓஃப்சைட்டப்பா" எண்டு. இவருக்கு முகம் போச்சுது. "அப்ப ஏன் கொடி தூக்கேல்லை?" "தூக்கினனான்." "எங்க, எவ்வளவு உயரத்துக்கு? காட்டும் பாப்பம்." நான் அகப்பையைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் காட்டினன். இவர் சோத்தில கையை வைச்சபடி அகப்பையைப் பார்த்தார். "இது கொடி தூக்கின மாதிரி இல்லையப்பா. நிப்பாட்டாட்டியும் பறவாயில்லை எண்டு பஸ்ஸை மறிச்ச மாதிரி."

முதல் புள்ளி

அதுக்குப் பிறகு நான் பழகினன். அம்மு நித்திரையாப் போனாப் பிறகு, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு தும்புத்தடியைத் தூக்கித் தூக்கிப் பழகினன். தோள் நேராகும் வரைக்கும். அம்மு எங்கட மகள், அப்ப அவவுக்கு இரண்டு வயசு.

அடுத்த ஆட்டத்தில இவர் பழையபடி முன்னால போய் நிண்டார். பந்து வந்துது. நான் தூக்கினன். கை நேரா, கொடி விறைப்பா, எனக்கே நம்பேலாமல் இருந்தது. விசில். இவர் திரும்பினார். ஒரு நிமிசம், தான் எங்க நிக்கிறன் எண்டதை மறந்து போனார் போல. வீட்டில ரீவி ரிமோட்டை எங்க வைச்சனீர் எண்டு கத்துற அதே குரலில, கிரவுண்டின்ர நடுவில இருந்து, "இஞ்சரப்பா! உமக்குக் கண் தெரியேல்லையே? நான் உள்ளுக்கெல்லோ நிண்டனான்!" எண்டார். பெடியள் சிரிச்சவை. நான் நிலத்தைப் பார்த்தன்.

இவாதா சிரிக்கேல்லை. ஆட்டத்தை நிப்பாட்டி, இவரைக் கூப்பிட்டு, முதல் கறுப்புப் புள்ளியைச் சொன்னார். இவர் கையை விரிச்சு, "சேர், ஷீ இஸ் மை வைஃப்" எண்டார், அதுதான் எல்லாத்துக்கும் விளக்கம் எண்ட மாதிரி. இவாதா என்னைக் காட்டி, ஒவ்வொரு சொல்லா, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி சொன்னார்: "வீட்டுக்குப் போனாப் பிறகு உங்கட மனைவி. இந்தக் கோட்டில நிக்கிற வரைக்கும் லீக்கின்ர ஆள். லீக்கின்ர ஆளோட நீங்கள் இப்பிடிக் கதைக்கேலாது."

சகோதரிமாரே, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில எனக்காக ஒருத்தர் விசில் ஊதினது அதுதான் முதல் தரம்.

சம்பல்

ஒரு ஞாயிற்றில ஒரே கிரவுண்டில இரண்டு ஆட்டம் நடக்கும், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. மற்ற ரீமொண்டுக்குக் கொடி பிடிக்கிறவ யூமி. அவவும் என்னை மாதிரித்தான், புருசனுக்காக வந்து மாட்டுப்பட்டவ. அவவுக்கு அம்மு வயசில ஒரு மகன். நான் கொடியோட ஓடேக்க அம்மு யூமியோட, யூமி ஓடேக்க அவவின்ர மகன் என்னோட. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அது நல்லதாப் போச்சுது. அரைகுறையும் அரைகுறையும் சேர்ந்தால் ஒருத்தருக்கும் வெக்கமில்லை.

யூமி பிள்ளைக்கு உருட்டிக் கொண்டு வாற சோத்துருண்டையை அம்மு வாங்கி வாங்கிச் சாப்பிட்டா. வீட்டில இவர் கடையில இருந்து கொண்டு வாறதைத் தொடவும் மாட்டா. இவருக்கு அது பெரிய மானப் பிரச்சினை. "நான் கிழமையில ஆறு நாள் இதைத்தான் உருட்டுறன். என்ர பிள்ளை ஆற்றையோ கையால சாப்பிடுது" எண்டு புறுபுறுப்பார். நான் பதிலுக்கு யூமிக்குப் பாணுக்கு நடுவில இடிச்ச சம்பல் வைச்சுக் குடுத்தன். கொஞ்சம் உறைக்கும், கவனம் எண்டு கையால சைகை காட்டித்தான் குடுத்தனான். அவ ஒரு கடி கடிச்சா. கண்ணால தண்ணி ஓடுது, மூக்கால ஓடுது, காது சிவக்குது. நான் பயந்து போய்த் தண்ணிப் போத்திலை நீட்டினன். வாங்கேல்லை. கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டு முடிச்சுப்போட்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: "ஐ க்ரை. வெரி குட். நெக்ஸ்ட் சண்டே அகெய்ன்."

ஒண்டெண்டாலும் எடுங்கோ

இரண்டாவது புள்ளி சண்டையால வரேல்லை. உபசாரத்தால வந்தது. இப்பிடி ஒரு பிழையை எங்கட ஆக்களைத் தவிர வேற ஆரும் விடேலாது.

அண்டைக்கு நல்ல குளிர். இரண்டாம் பாதி நடந்துகொண்டிருக்கு, பந்து வெளியில போட்டுது, எடுக்க ஒருத்தர் ஓடினார். ரவி அண்ணை அண்டைக்கு முழங்கால் பிடிச்சு வெளியில இருந்தவர். நாங்கள் கொண்டு போன ஆட்டிறைச்சி றோல்ஸ் வானுக்குள்ள சூடா இருந்தது. ஒரு மனுசன் குளிருக்க நடுங்கிக்கொண்டு நிக்க, தான் இருந்து சாப்பிடுறது எப்பிடி எண்டு அவருக்கு மனம் கேக்கேல்லை. ஒரு தட்டில மூண்டு றோல்ஸையும் பேப்பர் துவாயையும் வைச்சு, நேரா உள்ளுக்க நடந்து போய் இவாதாவுக்கு முன்னால நீட்டினார்.

இவாதா பின்னுக்குப் போனார். ரவி அண்ணை முன்னுக்குப் போனார். இவாதா வேண்டாம் எண்டு கையை ஆட்டினார். கலியாண வீட்டில வேண்டாம் எண்டு சொன்னால் அதுக்கு என்ன அர்த்தம்? இன்னும் ஒருக்கால் கேளுங்கோ எண்டுதானே? ரவி அண்ணையும் அப்பிடித்தான் எடுத்தார். "நோ நோ சேர், ஒண்டெண்டாலும் எடுங்கோ, ஒண்டெண்டாலும்!" ஒண்டை எடுத்து அவரின்ர விசில் பிடிச்ச கைக்குள்ள திணிக்கவும் பார்த்தார். எதிர் ரீம் ஆக்கள் அப்பிடியே நிண்டு பார்த்தவை. நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு நிண்ட நேரம் அது. அவையின்ர கண்ணுக்கு அது எப்பிடித் தெரிஞ்சிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இரண்டாவது புள்ளி. ரவி அண்ணை தட்டோட திரும்பி வந்து, ஒண்டும் விளங்காமல் வானில சாய்ஞ்சுகொண்டு நிண்டார். ஆட்டம் முடிஞ்சு கடைசி விசில் ஊதினாப் பிறகு, இவாதா விசிலைக் கழுத்தால கழட்டிப் பைக்குள்ள வைச்சுப்போட்டு நேரா வானடிக்கு வந்தார். "இப்ப நான் நடுவர் இல்லை" எண்டார். "அந்த றோல்ஸ் இன்னும் சூடா இருக்கோ?"

பேச்சு மரம்

இரண்டு புள்ளிக்குப் பிறகு ரீமில ஒரு சட்டம் வந்துது: கிரவுண்டுக்குள்ள ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. பேச வேண்டியதை வைச்சிருந்து, கோலுக்குப் பின்னால நிக்கிற பெரிய மரத்துக்குச் சொல்லிப்போட்டு வர வேணும். கீரன்ர யோசினை. அவன்தான் கூடப் பாவிச்சவனும்.

வெய்யில் காலம் தொடங்கின ஒரு ஞாயிறு. நான் கோட்டோரமா ஓடிக்கொண்டிருக்கிறன், ஒரு குளவி என்ர முகத்தைச் சுத்துது. எனக்குக் குளவியெண்டால் உயிர் போகும். கையில இருக்கிறது கொடி, அதால விசுக்கினன். அதே நேரம் கீரன் நாலு பேரை வெட்டி, அப்பிடி ஒரு கோல் அடிச்சான், இண்டைக்கும் அதைப் பற்றித்தான் கதை. விசில் ஊதுது. திரும்பிப் பார்க்கிறன், இவாதா என்ர கொடியைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். கொடி தலைக்கு மேல. கோல் இல்லை எண்டாச்சு. நான் குளவி, குளவி எண்டு சொல்லப் பார்க்கிறன், இங்கிலீஷில குளவிக்கு என்ன சொல் எண்டு வருதில்லை. "ஸ்மோல்... ஃப்ளை... பாட்" எண்டன். அவருக்கு விளங்கேல்லை. விளங்கினாப் போல, ஊதின விசிலைத் திருப்பி விழுங்கேலுமே.

கீரன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தது, மூடினது. பிறகு திரும்பி, நேரா கோலுக்குப் பின்னால ஓடி, மரத்துக்கு முன்னால நிண்டு இடுப்பில கையை வைச்சுக்கொண்டு, "ஏய் மரமே! உனக்கு அறிவிருக்கோ? குளவிக்கெல்லாம் ஆரும் கொடி தூக்குவினமோ? அண்ணை உன்னை எந்தக் காட்டிலயிருந்து பிடிச்சுக்கொண்டு வந்தவர்?" எண்டு கத்தினான். அவன் முடிய இவர் போனார். இவர் முடிய கோல்காப்பாளர் போனார். வரிசை. இவாதா என்னட்ட மெல்லமா வந்து, மரத்தைக் காட்டிக் கேட்டார்: "அந்த மரம் எந்த ரீமுக்கு விளையாடுது?"

மரமில்லாத கிரவுண்ட்

கடைசி ஆட்டத்துக்குப் போகேக்க வானுக்குள்ள ஒருத்தரும் பாட்டுப் போடேல்லை. வெண்டாலும் தோத்தாலும் நாங்கள் நாலாவது. அதைப் பற்றி ஆருக்கும் கவலையில்லை. மூண்டாவது புள்ளி வராமல் இருந்தால் அடுத்த சீசன் இருக்கு, வந்தால் ஞாயிற்றுக்கிழமை பழையபடி வெறும் ஞாயிற்றுக்கிழமை.

எனக்கும் அது சின்ன விசயமில்லை எண்டது அண்டைக்குத்தான் எனக்கே விளங்கிச்சுது. கிழமை முழுக்க இவர் கடையில, நான் அம்முவோட நாலு சுவருக்குள்ள. டொக்டரிட்டப் போனாலும் இவர்தான் கதைப்பார், நேர்சரியில கேட்டாலும் நான் தலையாட்டுறதுதான். அந்தக் கோட்டோரத்தில மட்டும் நான் கையைத் தூக்கினால் இருபத்திரண்டு ஆம்பிளையள் நிப்பினம். முதல் நாள் இந்தக் கொடி என்னை விட்டுப் போகட்டும் எண்டு கும்பிட்டவள், அண்டைக்கு விட்டுப் போகக் கூடாது எண்டு கும்பிட்டன்.

வேற கிரவுண்ட். போய் இறங்கின உடன கீரன் நாலு பக்கமும் பார்த்துப்போட்டு, "அண்ணி, செத்தம். ஒரு மரம்கூட இல்லை" எண்டான். உண்மைதான். சுத்திவரப் புல்லும் கம்பி வேலியும். 

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. கடைசி நேரம். ரவி அண்ணை பின்னுக்கிருந்து நீட்டி ஒரு பந்து அடிச்சார். இவர் ஓடினார். ரவி அண்ணையின்ர கால் பந்தில படுற நேரம், இவர் எதிராளியைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால. கொஞ்சம்தான். பந்து வலைக்குள்ள. இவர் மேலுடுப்பைத் தலைக்கு மேல இழுத்துக்கொண்டு ஓடுறார், பெடியள் பின்னால. நான் தூக்காமல் விட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. ஆனால் கை தன்பாட்டில மேல போட்டுது. குளியலறையில பழகின கை.

சத்தம் நிண்டுது. ஒவ்வொருத்தரா என்னைப் பார்த்துத் திரும்பினவை. ரவி அண்ணை கீரன்ர வாயைப் பொத்தப் பாய்ஞ்சார். இவர் தலையில கையை வைச்சபடி, பேசுறதுக்கு மரம் தேடுற கண்ணோட சுத்திச் சுத்திப் பார்த்தார். அப்ப கீரன் ரவி அண்ணையின்ர கையைத் தட்டிவிட்டு, ஒரு அடி முன்னால வந்து, இரண்டு கையையும் தொடையில வைச்சு, எனக்கு முன்னால இடுப்பு மடியக் குனிஞ்சான். ஆட்டம் முடிய யப்பான் ரீம்கள் கிரவுண்டுக்குக் குனிஞ்சு மரியாதை செய்யிறவை, அதே மாதிரி. அதைப் பார்த்துப் பக்கத்தில நிண்டவன் குனிஞ்சான். ரவி அண்ணை குனிஞ்சார். கடைசியா இவரும். முழு ரீமும் என்னைப் பார்த்துக் குனிஞ்சபடி நிக்குது, நிமிருதில்லை.

இவாதா பார்த்தார். இது மரியாதையோ நக்கலோ எண்டு அவருக்குப் பிடிபடேல்லை. யப்பான்காரருக்குத்தானே அதில இன்னும் குழப்பம். நேரா என்னட்ட வந்தார். "நீங்கள்தான் கொடி. இது என்ன? மரியாதையோ, முறைப்பாடோ?" எண்டு இங்கிலீஷில கேட்டார். கை, புள்ளி எழுதுற கொப்பி இருக்கிற பைக்குள்ள. அந்தப் பக்கம் யூமி இரண்டு பிள்ளையளையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. இவர் குனிஞ்சபடி ஒரு கண்ணால என்னைப் பார்க்கிறார். வழக்கமா எனக்காகக் கதைக்கிற மனுசன், வாய் திறந்தால் புள்ளி.

கீரன் குனிஞ்சது அரைவாசி நக்கல் எண்டு எனக்குத் தெரியும். முழுக்க மரியாதை எண்டு சொன்னால் பொய். நக்கல் எண்டு சொன்னால் சீசன் முடிஞ்சுது. கொடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, எனக்கு வந்த இங்கிலீஷில உண்மையைச் சொன்னன்: "தே வாண்ட் லஞ்ச். ஐ குக்."

இவாதா என்னைப் பார்த்தார். குனிஞ்சு நிக்கிற ரீமைப் பார்த்தார். மீசை கொஞ்சம் அசைஞ்சுது. பைக்குள்ள இருந்து வெறுங்கையை வெளியில எடுத்தார். "அப்ப இது மரியாதையும் இல்லை, முறைப்பாடும் இல்லை. பயம். பயத்துக்குப் புள்ளி இல்லை."

அரைச் சப்பாத்து

திரும்பி வரேக்க வானுக்குள்ள போட்ட பாட்டுக்கு, பக்கத்துக் காரெல்லாம் கண்ணாடி இறக்கிப் பார்த்தது. மூண்டு தெருவுக்கு ஒருக்கால் கீரன் எழும்பி எனக்குக் குனிஞ்சு, தலையை வான் கூரையில இடிச்சுக்கொண்டு வந்தான். இவர் மட்டும் அம்முவை மடியில வைச்சுக்கொண்டு யோசினை. குட்மேய்ஸ் கிட்ட வரேக்கதான் என்ர பக்கம் சரிஞ்சு, மற்றவைக்குக் கேளாமல் சொன்னார்: "நான் அரைச் சப்பாத்து முன்னுக்குத்தான் நிண்டனான். அடிக்கேக்கயே தெரியும். நீர் பாத்துக்கொண்டிருக்கிறீர் எண்டதுதான் தெரியாமல் போச்சுது."

பிறகு லீக்கின்ர கூட்டம் இவர் வேலை செய்யிற கடையில நடந்தது. எங்களை வைச்சிருக்கிறது எண்டு முடிவு. ரவி அண்ணை சந்தோசத்தில, அடுத்த சீசனுக்குக் கொடி பிடிக்க நல்லா இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு ஆம்பிளையைப் பிடிப்பம், தங்கச்சிக்கு ஏன் கரைச்சல் எண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு இரக்கப்பட்டுத்தான் சொன்னவர். இவர்தான் உடன வேண்டாமெண்டு குறுக்கிட்டவராம், உருட்டிக்கொண்டிருந்த சுஷியையும் விட்டுப்போட்டு. இவாதா இரண்டு பேரையும் கையமர்த்தினாராம். "உங்கட ரீமில ஆரை வேணுமெண்டாலும் மாத்துங்கோ. கொடியை மாத்தினால் திருப்பி விண்ணப்பம் போட வேணும்."

ஆக சகோதரிமாரே, ஒரு சீசன் கோட்டோரமா ஓடினதில இந்த வேலையைப் பற்றி நான் கண்டுபிடிச்சது ஒண்டே ஒண்டுதான்: புருசன்ர பிழையை வீட்டில சொன்னால் அது நச்சரிப்பு, அதையே கொடி பிடிச்சுக்கொண்டு சொன்னால் அது சட்டம், அதால ஒவ்வொரு பெண்ணும் வீட்டில ஒரு... பொறுங்கோ, ரவி அண்ணை வாசலில நிண்டு ஹோர்ன் அடிக்கிறார், "தங்கச்சி, முதல் ஆட்டத்துக்கே பிந்தப் போறம், ஓடி வாரும்!" எண்டு கத்துறார், நான் போட்டு வந்து மிச்சத்தை